தரைதட்டிய ஜிம்னி: பாடி லிஃப்ட், பெரிய டயர் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், கோத்தா திங்கியைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டப் பாதை. டிசம்பர் மழை விட்ட மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சுசூக்கி ஜிம்னி என்ற இந்தச் சின்ன ஜீப் அங்கே நின்றுபோனது. நான்கு சக்கரமும் சுற்றின. வண்டி ஒரு சாண்கூட நகரவில்லை. பழக்குலை ஏற்றும் லாரிகள் உழுதுவிட்ட இரண்டு தடங்களுக்குள் சக்கரங்கள் இறங்கிவிட, நடுவில் மிஞ்சிய மண்மேடு வண்டியின் அடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. தோட்டத்து டிராக்டர் வந்து பின்னோக்கி இழுத்து விடுவித்தபோது நண்பகல் ஆகிவிட்டது.

வண்டியின் சொந்தக்காரர் சிங்கப்பூரில், உட்லண்ட்சில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் ஏழாவது மாடியில் இருக்கிறார். உறவில்லை, ஆனால் பதினைந்து ஆண்டாக எனக்கு அண்ணன். நான் துவாசில் கப்பல் பட்டறையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்ப்பவன். அளவுகோலும் வெர்னியரும் கையிலேயே இருப்பதால் புளோக்கில் யார் வண்டிக்கு எது வந்தாலும் என் கதவைத் தட்டுவார்கள். அந்த ஞாயிறு இரவே அண்ணன் வந்தார். சட்டையில் சேறு இன்னும் காயவில்லை.

“தம்பி, வண்டி ரொம்பத் தாழ்வா இருக்கு. ரெண்டு இஞ்ச் பாடி லிஃப்ட், 235 மட் டயர். விலைகூடக் கேட்டுட்டேன். நீ கூட வந்து நின்னாப் போதும்.” வண்டியின் உடலை அடிச்சட்டத்திலிருந்து இரண்டு இஞ்ச் உயர்த்துவதும், சேற்றுக்கான பெரிய டயர் போடுவதும்தான் அவர் திட்டம்.

“அண்ணே, எது தட்டுச்சுன்னு பார்த்தீங்களா?”

“அடிதான் தட்டுச்சு.”

“அடியில எது?”

அவருக்குத் தெரியவில்லை. சேற்றில் மல்லாந்து படுத்துப் பார்க்க அன்று அவருக்கு நேரமும் இல்லை. இந்த ஆய்வு முழுக்க அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளம்பியதுதான்.

வண்டி பற்றிச் சுருக்கமாக. சுசூக்கி ஜிம்னி, ஜேபி43 வகை, 1.3 லிட்டர் பெட்ரோல் இஞ்சின், சுமார் 85 குதிரைத்திறன், நான்கு வேக ஆட்டோ கியர். சேஸி என்னும் அடிச்சட்டம் தனி, உடல் தனி. முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சாக இணைக்கும் முழு ஆக்ஸில், சுருள் ஸ்பிரிங். முன் பின் சக்கரங்களின் மையத் தொலைவு 2,250 மில்லிமீட்டர், அகலம் 1,600. 2011ல் பதிவானது, 2021ல் சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், பத்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. ஆகவே 2031 வரை அண்ணனிடம்தான் இருக்கப்போகிறது. வயதான வண்டிக்குச் சாலை வரியோடு மேல்வரியும் கட்டிக்கொண்டு ஒருவர் இதை வைத்திருக்கிறார் என்றால் அதில் அவருக்கு உள்ள பிடிப்பு புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடாரம், அடுப்போடு ஆண்டுக்கு ஆறேழு முறை ஜோகூர் பக்கம் போவார். மெர்சிங் கடற்கரை, தெரிந்தவர் வேலை செய்யும் தோட்டங்கள், எப்போதும் அனுமதி கேட்டுத்தான். மற்ற நாட்களில் வண்டி விரைவுச்சாலையிலும் கார்ப்பார்க்கிலும்தான்.

அடுத்த சனிக்கிழமை காக்கி புக்கிட்டில் எனக்குப் பழக்கமான ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஹோய்ஸ்டில் ஏற்றினோம். கழுவ வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். காய்ந்த செம்மண் அப்படியே ஒட்டியிருந்தது. எது எங்கே உரசியது என்பதை அந்த மண்ணே காட்டிக்கொடுத்தது.

முன் ஆக்ஸிலில் குடம் போலப் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் கூட்டின் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரங்கள் இதற்குள்தான்) அடிப்பகுதி பளபளவென்று வெள்ளி நிறத்தில் இருந்தது. துருவும் பெயின்டும் சுரண்டப்பட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் இரும்பு. பின் டிஃபரன்ஷியலிலும் அதே கதை, இன்னும் கொஞ்சம் அகலமாக. அங்கிருந்து கண்ணை மேலே கொண்டுபோனால், இஞ்சின் விசையை முன் பின் ஆக்ஸில்களுக்கு அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கியர்பெட்டியின் அடித்தகட்டில் மண் திட்டுத் திட்டாக உடையாமல் இருந்தது. சேஸியின் இரு தண்டவாளங்களிலும் உரசல் இல்லை. கதவுக்குக் கீழே உள்ள உடல் விளிம்பில் சேறு தெறித்த புள்ளிகள் மட்டும். கீறல் ஒன்றுகூட இல்லை.

அண்ணன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அந்த வெள்ளி நிறத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப உடம்பு எங்கேயுமே தட்டலையா?” என்றார். தட்டவில்லை. சேஸியும் தட்டவில்லை. தரைதட்டியது இரண்டு டிஃபரன்ஷியல்கள் மட்டுமே.

எல்லாம் இதைப் பொறுத்துத்தான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தனிச் சேஸி உள்ள வண்டியை மூன்று அடுக்காக நினைத்துக்கொள்ளலாம். கீழே சக்கரமும் ஆக்ஸிலும். நடுவில் ஸ்பிரிங் மேல் நிற்கும் சேஸி, அதோடு இஞ்சின், கியர்பெட்டி. மேலே உடல். பாடி லிஃப்ட் என்பது உடலும் சேஸியும் சேரும் ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு கட்டையைச் செருகி, நீளமான போல்ட் போட்டு, மேல் அடுக்கை மட்டும் உயர்த்துவது. உயரமான ஸ்பிரிங் போட்டால் நடு அடுக்கும் மேல் அடுக்கும் உயரும். இரண்டில் எதைச் செய்தாலும் கீழ் அடுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். முழு ஆக்ஸில் வண்டியில் டிஃபரன்ஷியல் தரையிலிருந்து உயர ஒரே வழிதான் உண்டு: டயரின் விட்டம் கூட வேண்டும். கூடிய விட்டத்தில் சரிபாதி டிஃபரன்ஷியலுக்குக் கிடைக்கும்.

அண்ணன் கேட்டு வந்த இரண்டு வேலைகளில் பாடி லிஃப்ட் அவருடைய பிரச்சினைக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தராது. பெரிய டயர் உள்ளே நுழைய இடம் செய்து கொடுப்பதுதான் அதன் வேலை. ஆகவே முதலில் டயரை முடிவு செய்ய வேண்டும். அந்த டயருக்கு இடம் போதாவிட்டால்தான் லிஃப்ட் பற்றிய பேச்சே. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்டி எடுப்பாக நிற்கிறது என்பதில் மனம் போய், லிஃப்ட்டை முதலில் போட்டுவிட்டு, உயர்ந்த மட்கார்டில் சின்ன டயர் பார்க்க நன்றாக இல்லையே என்று பிறகு பெரிய டயர் தேடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். உழைத்துச் சேர்த்த காசு அது.

இனி கணக்கு. டயர் அளவில் முதல் எண் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை விழுக்காடு என்பது, மூன்றாவது ரிம்மின் விட்டம் இஞ்சில். இந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 205/70 ஆர்15. பக்கச்சுவர் 143.5 மில்லிமீட்டர், மேலும் கீழும் சேர்த்து 287, ரிம் 381, மொத்த விட்டம் 668. அண்ணன் கேட்ட 235/75 ஆர்15 இதே கணக்கில் 733.5 வருகிறது. வித்தியாசம் 65.5, டிஃபரன்ஷியலுக்கு லாபம் 33 மில்லிமீட்டர் அளவில். நடுவில் ஒன்று உண்டு, 215/75 ஆர்15: விட்டம் 703.5, லாபம் 18 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

33க்கும் 18க்கும் நடுவே 15 மில்லிமீட்டர். என் சுண்டுவிரல் அகலம். இந்த ஒரு விரலுக்காக என்னென்ன கொடுக்க வேண்டும் என்பதுதான் நாங்கள் இரண்டு சனிக்கிழமைகள் செலவிட்டுத் தேடிய விடை.

அதற்கு முன் ஒரு சின்ன உண்மை வெளிப்பட்டது. வண்டியின் பழைய டயர்களில் பள்ளம் 3 மில்லிமீட்டர்தான் மிச்சம். அந்த டயர் புதிதாக இருந்தபோது 9 இருந்திருக்கும். டிஃபரன்ஷியலுக்குக் கீழே கம்பெனிக் கணக்கில் 190 இருக்க வேண்டிய இடத்தில் நான் அளந்தது 182. கோத்தா திங்கியில் மாட்டிய நாளில் அவர் ஏற்கெனவே 8 மில்லிமீட்டர் குறைவோடுதான் போயிருக்கிறார். தேய்ந்த பள்ளத்தில் செம்மண் அப்பிக்கொண்டு பிடிப்பும் போயிருந்தது. அவர் ஓட்டியது ஒரு நல்ல ஜிம்னியை அல்ல, களைத்துப்போன ஜிம்னியை. எந்த மாற்றத்துக்கும் முன்னால் வண்டியை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இதனால்தான். பின் ஸ்பிரிங்குகளும் அப்படியே. முகாம் சாமான்கள் ஏற்றியதும் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 20 மில்லிமீட்டருக்கு மேல் தொங்கியது.

களிமண் சோதனை

235 டயர் உள்ளே உண்மையில் எங்கே முட்டும் என்று பார்க்க, ஒர்க்‌ஷாப்பில் வேறொரு வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த சக்கரம் ஒன்றைக் கடன் வாங்கினோம். அண்ணனின் சின்ன மகன் பள்ளிக்கு வைத்திருந்த பிளாஸ்டிசின் களிமண்ணைக் கொண்டுவரச் சொன்னேன். நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக உருட்டி, முன் மட்கார்டின் உட்பக்கம் ஐந்து இடங்களிலும், பம்பர் மூலையிலும், ஆக்ஸிலைச் சேஸியோடு பிணைத்துப் பிடிக்கும் நீளமான இரும்புக் கரத்தின் மீதும் ஒட்டினோம். சக்கரத்தைச் சரிவுப் பலகையில் ஏற்றி ஸ்பிரிங்கை முழுக்க அழுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்பினோம். பிறகு சக்கரத்தைக் கழற்றி, நசுங்கிய உருண்டைகளின் தடிமனை வெர்னியரில் அளந்தேன். எங்கே களிமண் வழித்தெடுக்கப்பட்டு வெறும் தகடு தெரிகிறதோ அங்கே டயர் முட்டுகிறது.

235 மூன்று இடங்களில் முட்டியது. மட்கார்டின் பின்பக்கம், பம்பர் மூலை, அந்த இரும்புக் கரம். முதல் இரண்டுக்கும் பாடி லிஃப்ட் ஓரளவு மருந்து. மூன்றாவதற்கு மருந்தே இல்லை, ஏனென்றால் அந்தக் கரம் சேஸிக்கும் ஆக்ஸிலுக்கும் உரியது. உடலை எவ்வளவு தூக்கினாலும் அது நகராது. அங்கே டயரைத் தப்பிக்க வைக்க இரண்டு வழிதான். ஸ்டீயரிங் திரும்பும் அளவைக் குறைக்க வேண்டும், ஜிம்னியின் 4.9 மீட்டர் திரும்பும் ஆரம், அதாவது காட்டுப் பாதையிலும் அடுக்குமாடிக் கார்ப்பார்க்கிலும் அதன் மிகப் பெரிய பலம், அதோடு போகும். இல்லாவிட்டால் சக்கரத்தை வெளியே தள்ளும் ரிம் போட வேண்டும். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டும், அது சிங்கப்பூரில் கூடாது.

ரிம் விஷயத்தில் இன்னொன்று. வண்டியோடு வந்த ரிம்மின் அகலம் ஐந்தரை இஞ்ச். 215/75 டயர் அதில் உட்காரும். 235/75க்குக் குறைந்தது ஆறு இஞ்ச் வேண்டும். ஆகவே 235 என்றால் ஐந்து புது ரிம்மும் சேர்த்துத்தான் விலை. ஐந்து என்று சொல்லக் காரணம், பின்கதவில் தொங்கும் உபரிச் சக்கரமும் அதே அளவாக இருக்க வேண்டும். இந்த ஜிம்னியின் நான்கு சக்கர இயக்கத்தில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே வித்தியாசத்தை விழுங்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. ஒரு சக்கரம் மட்டும் விட்டத்தில் மாறினால் அந்த இழுபறி முழுவதும் கியர்களின் மேல் விழும்.

215 சக்கரத்தில் அதே சோதனை. எங்கும் தகடு தெரியவில்லை. மிக மெல்லிய உருண்டை பம்பர் மூலையில், 9 மில்லிமீட்டர். இரும்புக் கரத்தில் 11. சேறு அப்பினால் உரசும் சத்தம் கேட்கலாம், ஆனால் இரும்பைத் தொடாது.

இஞ்சின் பக்கமும் யோசிக்க வேண்டியிருந்தது. விட்டம் 9.8 விழுக்காடு கூடினால் ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீண்டுபோகும். 85 குதிரைத்திறனும் நான்கு வேக ஆட்டோவும் உள்ள வண்டி, நான்கு பேரோடும் சாமானோடும் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அதைவிட முக்கியமானது இறக்கம். லோ கியரில் சரிவில் இறங்கும்போது இஞ்சின்தான் வண்டியைப் பிடித்து வைக்கிறது. நீண்ட கியர் அந்தப் பிடியைத் தளர்த்தும். ஈரச் செம்மண்ணில் பிரேக்கைத் தொட்டால் வழுக்கும் என்பதால் இந்தப் பிடி வெறும் வசதிக்கானது அல்ல. டிரான்ஸ்ஃபர் கியர்பெட்டியின் பற்சக்கரங்களை மாற்றி இதைச் சரிசெய்யலாம்தான், ஆனால் அது இன்னொரு பெரிய செலவு. 215ல் கூடுதல் 5.3 விழுக்காடு. அதைத் தாங்கலாம்.

அம்மாவின் முழங்கால்

இரண்டாவது சனிக்கிழமை, அளவெல்லாம் முடித்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் இன்னும் 235ஐ விட மனமில்லாமல்தான் இருந்தார். நான் ஒரு கணக்கைச் சொன்னேன். பாடி லிஃப்ட் 50, டயர் 33. வண்டிக்குள் கால் வைக்கும் உயரம் 83 மில்லிமீட்டர் கூடும். அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

“அம்மா ஏற மாட்டாங்களே, தம்பி.”

எழுபத்தாறு வயது அம்மாவை ஒவ்வொரு சனிக்கிழமையும் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு அழைத்துப்போவது இந்த வண்டியில்தான். வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர். இப்போதே கதவின் மேலுள்ள கைப்பிடியைப் பிடித்து, மருமகள் பின்னால் தாங்க, ஒரே மூச்சில் ஏறுகிறார். ஒரு வண்டி யார் யாரைச் சுமக்கிறது என்பதை முதலில் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அடியில் படுத்து அளந்த ஆர்வத்தில் அது விட்டுப்போனது.

கார்ப்பார்க் உயரமும் பார்த்தோம். கூரைத் தட்டும் சுருட்டிய பக்கப் பந்தலும் சேர்த்து வண்டி 1.93 மீட்டர். 83 மில்லிமீட்டர் கூடினால் 2.01. எங்கள் புளோக்கில் 2.1 மீட்டர்த் தடுப்புக் கம்பியைத் தாண்டும். அண்ணன் வேலை செய்யும் கட்டடத்தின் அடித்தளக் கார்ப்பார்க்கில் 2.0 என்று எழுதியிருக்கிறது.

சட்டம் பற்றி. நிலப் போக்குவரத்து ஆணையம் வண்டி மாற்றங்களை மூன்றாகப் பார்க்கிறது: அனுமதி வேண்டாதவை, முன் அனுமதி வாங்க வேண்டியவை, அறவே கூடாதவை. உடலையும் சேஸியையும் பிணைக்கும் இடத்தில் கைவைப்பதை அனுமதி கேட்காமல் செய்யும் வேலையாக நான் ஒருபோதும் எடுத்துக்கொள்ள மாட்டேன். மோதல் நேர்ந்தால் உடலின் பாரமெல்லாம் அந்தப் போல்ட்டுகள் வழியாகத்தான் சேஸிக்குப் போகிறது. 50 மில்லிமீட்டர் கட்டைக்கு நடுவே நிற்கும் நீளமான போல்ட்டை அந்த விசை வளைக்கப் பார்க்கும். அதோடு பத்தாண்டு தாண்டிய கார் ஆண்டுதோறும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்துக்குப் போயாக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நடந்த நாளில் குடும்பத்தின் தலையில் விழும். ஜோகூர் அக்கரை போனதும் கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். டயரை மாற்றலாம். உடலைத் தூக்கிய வண்டியை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு முன்னால் இறக்க முடியாது.

முடிவு அங்கேயே, கோப்பிக் கடையிலேயே எடுக்கப்பட்டது. லிஃப்ட் வேண்டாம். 215/75 ஆர்15, பழைய ரிம், ஐந்து டயர். பின்னால் கம்பெனி உயரத்திலேயே, ஆனால் சுமை தாங்கும் புது ஸ்பிரிங். டயரின் சுமை எண்ணும் வேக எழுத்தும் பழைய டயருக்குக் குறையக்கூடாது. காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்த பிறகே வேலை.

மட் டயரா, தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஆல்டெரைன் டயரா என்பதில் அதிக வாக்குவாதம் இல்லை. மட் டயரின் பெரிய கட்டைகளும் அகன்ற பள்ளங்களும் சேற்றை உதறித் தள்ளும், உண்மைதான். ஆனால் ஈரத் தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நீளும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், ஓட்டத்தில் பெரும்பகுதி விரைவுச்சாலையில் என்றிருக்கும்போது, பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்திருக்கும் வண்டிக்கு ஆல்டெரைன்தான் சரி.

மாட்டிய பிறகு வந்த நடுக்கம்

புது டயர் போட்ட நான்காம் நாள் அண்ணன் செலேத்தார் விரைவுச்சாலையிலிருந்து வந்து நேராக என் வீட்டு வாசலில் நின்றார். சரியாக 70 கிலோமீட்டர் வேகத்தில், பாலத்தின் இணைப்புப் பட்டையைத் தாண்டிய அடியில், ஸ்டீயரிங் இடமும் வலமும் உதறத் தொடங்கி, 50க்குக் குறைத்த பிறகுதான் நின்றதாம். இடது ஓரத்துக்கு வந்து சேர்வதற்குள் வியர்த்துவிட்டது என்றார். முன்பக்கம் முழு ஆக்ஸில் உள்ள வண்டிகளுக்கு இந்த நோய் தெரிந்த ஒன்றே. டயர் பெரிதாகி எடை கூடியதும், இதுவரை ஒளிந்திருந்த தளர்ச்சி வெளியே வரும்.

இரண்டு காரணங்கள் கிடைத்தன. டயர் போட்ட கடையில் ரிம்மின் உட்பக்கம் கெட்டியாகக் காய்ந்திருந்த செம்மண்ணைக் கழுவாமலேயே பேலன்ஸ் பார்த்து எடை ஒட்டியிருந்தார்கள். நான்கு நாள் ஓட்டத்தில் அந்த மண் உதிர்ந்துபோனது, ஒட்டிய எடை மட்டும் நின்றது. இடது முன்சக்கரத்தில் மட்டும் ஒரு கைப்பிடி மண் இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது, ஆக்ஸிலைப் பக்கவாட்டில் அசையாமல் பிடிக்கும் பான்ஹார்டு கம்பியின் முனையிலுள்ள ரப்பர் புஷ். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வண்டி தரையில் நிற்க, இஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சட்சட்டென்று சிறிதளவு இடம் வலமாகத் திருப்ப வேண்டும். மற்றவர் அந்தக் கம்பியின் இரு முனைகளையும் கவனிக்க வேண்டும். நல்ல புஷ் என்றால் கம்பியும் தாங்கியும் ஒன்றாக அசையும். எங்கள் வண்டியில் கம்பி முதலில் துள்ளியது, ஒரு கணம் கழித்துத்தான் தாங்கி அசைந்தது. ரப்பரில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. புஷ் மாற்றி, ரிம்களைக் கழுவி, மறுபடி பேலன்ஸ் செய்தோம். நடுக்கம் அதன் பிறகு வரவில்லை.

235ஐப் போட்டிருந்தால் இந்த உதறல் எவ்வளவு மோசமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தச் சக்கரத்தைக் கடன் வாங்கிய நாளில் பயணப்பெட்டித் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்திருந்தோம்: 215 சக்கரத்தைவிட ஐந்து கிலோ கூட.

மொத்தச் செலவு, ஐந்து டயர், ஸ்பிரிங், புஷ், கூலி எல்லாம் சேர்த்து 1,860 சிங்கப்பூர் வெள்ளி. முதலில் கேட்டு வைத்திருந்த லிஃப்ட், ரிம், டயர் விலையில் பாதிகூட இல்லை.

அதே பாதை, மறுபடி

மார்ச் மாதம் அதே தோட்டத்துக்குப் போனோம். இந்த முறை நானும். கிளம்பும் முன் இரண்டு டிஃபரன்ஷியல் அடியிலும் வெள்ளை பெயின்ட் அடித்தேன். எங்கே உரசினாலும் தெரிய வேண்டும். துவாஸ் வழியாகப் போனோம், முக்கால் தொட்டிக்குக் குறையாத பெட்ரோலோடு. பாதை தொடங்கும் இடத்தில் அளந்தபோது டிஃபரன்ஷியலுக்குக் கீழே 206 மில்லிமீட்டர். முன்பு 182. பிறகு டயர்க் காற்றை 16 பிஎஸ்ஐக்கு இறக்கினோம், 198 ஆனது. காற்றை இறக்கினால் டயர் நீளவாக்கில் படர்ந்து பிடிப்பு நன்றாகக் கிடைக்கும், ஆனால் பெரிய டயர் தந்த உயரத்தில் ஒரு பகுதியைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். இதைக் கணக்கில் எடுக்காமல் டயர் அளவை மட்டும் வைத்து உயரம் பேசுவதில் பொருளில்லை.

தடங்கள் மூன்று இடங்களில் ஆழமாக இருந்தன. ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து நடு மேட்டின் உயரத்தை அளந்தேன். முதலாவது 190 அளவில், இரண்டாவது 200, மூன்றாவது 230க்கு மேல். முதலாவதை அண்ணன் நிறுத்தாமல் கடந்தார். இரண்டாவதில் அடியில் மண் கரகரவென்று உரசும் ஓசை கேட்டது, வண்டி தயங்கவில்லை. மூன்றாவதில் இறங்கி நின்று பார்த்தோம். 235 போட்டு அதே காற்றழுத்தத்தில் வந்திருந்தாலும் கையில் 213 சொச்சம்தான் இருந்திருக்கும். இந்த மேடு அதையும் பிடித்து நிறுத்தியிருக்கும். இங்கே செய்ய வேண்டியது வேறு. தடத்துக்குள் இறங்கவே கூடாது. இடது சக்கரங்கள் நடு மேட்டின் மீதும் வலது சக்கரங்கள் ஓரப் புல்தரையின் மீதும் வரும்படி, தடத்துக்குக் குறுக்கே கால் பரப்பி நின்றபடி போக வேண்டும். ஒல்லியான வண்டிக்கு இது சுலபம். நான் முன்னால் நடந்து கை காட்ட, அண்ணன் ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். டிசம்பரில் மூன்று மணி நேரம் நின்ற இடத்தை இரண்டு நிமிடத்தில் தாண்டினோம்.

முகாமில் டார்ச் அடித்துப் பார்த்தேன். முன் டிஃபரன்ஷியலில் பெயின்ட் முழுசாக இருந்தது. பின்னதில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கீற்று மட்டும் அழிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்த மற்ற எண்கள். முன்பு மீட்டரில் 90 என்றால் ஜிபிஎஸ்ஸில் 85; இப்போது 90க்கு 89 சொச்சம். 235 போட்டிருந்தால் 93 ஆகியிருக்கும், மீட்டர் 90 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே. பெட்ரோல் கணக்கில் ஒரு தவறு எளிதாக நேரும். லிட்டருக்கு 10.4 கிலோமீட்டர் தந்த வண்டி 9.4க்கு இறங்கிவிட்டதே என்று அண்ணன் கவலைப்பட்டார். டயர் பெரிதானதால் ஓடிய தூரத்தையே மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. 1.053ஆல் பெருக்கினால் 9.9. உண்மையான இழப்பு அரைக் கிலோமீட்டர்தான்.

பாடி லிஃப்ட்டே வேண்டாத ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இஞ்சின், கியர்பெட்டி, சேஸி எல்லாம் கீழேயே இருக்க உடல் மட்டும் உயர்வதால், அதே அளவு ஸ்பிரிங் லிஃப்ட்டைவிட வண்டியின் பார மையம் குறைவாகவே உயரும். ஆக்ஸிலின் கோணமும், அதற்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் கம்பியின் கோணமும் மாறாது; ஸ்பிரிங் லிஃப்ட்டில் அவை மாறி, ஸ்டீயரிங் லேசாகி, நேராக ஓடாமல் தொல்லை தரும். களிமண் சோதனையில் டயர் மட்கார்டில் மட்டும் முட்டி, வேறெங்கும் முட்டாமல், முறைப்படி அனுமதியும் கிடைத்தால், 25 மில்லிமீட்டர் அளவில் நான் சம்மதிப்பேன். அப்போதும் ஸ்டீயரிங் தண்டின் நீளம், பெட்ரோல் நிரப்பும் குழாய், பிரேக் குழாய்கள், ஹேண்ட்பிரேக் கேபிள், எர்த் வயர் ஒவ்வொன்றிலும் தளர்வு இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் உடலோடு மேலே போகும் வண்டிகளில், இஞ்சினோடு கீழேயே நிற்கும் விசிறி அதன் கூட்டில் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றிலும் முக்கியம்.

இப்போது 6,000 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. டயர்ப் பள்ளம் முன்னால் 8, பின்னால் 8.5. 5,000ல் சக்கரங்களை இடம் மாற்றினோம், உபரியையும் சேர்த்து. பின் பான்ஹார்டு கம்பியின் புஷ்ஷிலும் மெல்லிய வெடிப்பு தெரிகிறது; சாமான் சொல்லியிருக்கிறோம், அடுத்த வாரம் வரும். அம்மா இன்னும் அதே கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறார். 18 மில்லிமீட்டரை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பள்ளி விடுமுறையில் மெர்சிங் போவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். போவதற்கு முன் டிஃபரன்ஷியலுக்குப் புது பெயின்ட் அடிக்க டப்பா என் கதவோரம் தயாராக இருக்கிறது.